மாதவலியும் மனத்துயரும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளிலும் சுற்றுவட்டார வயல்களிலும் உழைக்கும் பெண்கள் மாதவிலக்கு வலியால் துடிக்கும்போது, "எல்லோர்க்கும் உள்ளதுதானே" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், கடும் வலியின் பின்னே எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் இருக்கக்கூடும். கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலி தருவதே இந்நோய். பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நோயைக் கண்டறியவே பல ஆண்டுகள் ஆவதுண்டு. அதற்குள் உறக்கம் கெடுகிறது, கூலி போகிறது, சிலருக்குக் குழந்தைப்பேறு தாமதமாகி, ஊரார் ஏச்சும் சேர்கிறது. தம் சொல்லை நம்புவாரில்லையே என்ற ஏக்கம் மனச்சோர்வாகவும் பதற்றமாகவும் முதிர்கிறது. இது மனவலிமைக் குறைவன்று. நோயோடு வரும் துன்பமேயாகும்.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் மாத்திரைகளாலும் அறுவை சிகிச்சையாலும் வலியைத் தணிக்கலாம். ஆகவே, அரசு மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவரைக் காணச் செய்க. மனத்துயருக்கு, 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். வாழ்வே வெறுத்ததென்று ஒரு பெண் கூறின், கணமும் தாமதித்தலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்தியைக் கிராம சபையிலும் மகளிர் குழுக்களிலும் எடுத்துரைக்க வேண்டுகிறோம். வீட்டார் செய்யத்தக்க முதலுதவி, அவள் சொல்லை நம்புதலே.