போன் எடையில் ஒரு கைத்துப்பாக்கி... நம்பலாமா? சைஸ், வெயிட் கணக்கு இதுதான்!

தீபாவளி நேரத்துல சுருள் கேப் மாட்டி ‘டப் டப்’னு சுட்டு விளையாடாத பிள்ளைங்க நம்ம சிவகாசி, சாத்தூர் பக்கம் இருக்கவே முடியாது. அந்தப் பொம்மைத் துப்பாக்கியை டவுசர் பாக்கெட்ல செருகிக்கிட்டு ஓடினா வெளியே தெரியவே தெரியாது. நிஜத் துப்பாக்கியும் அப்படி அடங்குமா? ‘உள்ளங்கை சைஸ் பிஸ்டல்’, ‘லேடீஸ் ரிவால்வர்’னு வர்ற ரீல்ஸைப் பார்க்கும்போது உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். ‘ஹேண்ட்பேக்ல ஒண்ணு இருந்தா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தைரியமா வரலாமே’ன்னு யோசிக்கிற பெண்களும் இருக்காங்க. சரி, எடையும் அளவும் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம்.

உங்க போன்தான் அளவுகோல்

இப்போ கையில வெச்சிருக்கீங்களே, அந்த போன் சுமார் 200 கிராம் எடை, 16 சென்டிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இந்த மூணு நம்பரையும் மனசுல வெச்சுக்கோங்க. துப்பாக்கி வெளியே தெரியாம இருக்குமாங்கிறதை முடிவு பண்றதும் எடை, நீளம், தடிமன் இந்த மூணுதான். விளம்பரத்துல எடையைப் பத்திதான் பெருசா பேசுவாங்க. ஆனா, துணிக்கு மேல புடைச்சுக்கிட்டுக் காட்டிக்கொடுக்கிறது தடிமன்தான்.

இந்தியாவோட ‘லைட் வெயிட்’ ரிவால்வர்கள்

நம்ம நாட்டுல பொதுமக்களுக்கான ரிவால்வர்னா, ரொம்ப காலமா அரசுத் தொழிற்சாலையில தயாராகிற .32 ரகம்தான். ஆறு தோட்டா போடலாம். எடை சுமார் 700 கிராம், நீளம் 7 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர்.

2012 டிசம்பர்ல டெல்லியில நடந்த நிர்பயா கொடுமை நாட்டையே உலுக்குச்சு. அதுக்கப்புறம் 2014 ஜனவரியில கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி ‘நிர்பீக்’ ரிவால்வரை அறிமுகப்படுத்துச்சு. ‘பெண்களுக்கான துப்பாக்கி’ன்னு சொல்லி, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில வெச்சுக் கொடுத்தாங்க. எடை 500 கிராம். ஸ்டீலைவிட ரொம்ப லேசான டைட்டானியம் கலவையால 200 கிராம் குறைஞ்சுது. ஆனா, நீளம் பழைய ரிவால்வர் அளவேதான்! லேசாச்சே தவிர, சின்னதாகலை.

2016-ல மேற்கு வங்கத்துல இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியிலிருந்து ‘நிடர்’ வந்துச்சு. எடை வெறும் 250 கிராம். கவர் போட்ட போன் கனம்தான். எப்படி முடிஞ்சுது? .32-க்குப் பதிலா, அதைவிடச் சின்னதான .22 தோட்டா. துப்பாக்கி சைஸைக் குறைக்கணும்னா தோட்டாவோட பலம், எண்ணிக்கை, பிடியோட நீளம்னு எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகணும்.

அமெரிக்காவுல என்ன நிலைமை?

மறைச்சு எடுத்துட்டுப் போற துப்பாக்கிக்குன்னே பெரிய சந்தை இருக்கிறது அமெரிக்காவுலதான். அங்கேயும் இதே இழுபறிதான்.

* ருகர் எல்.சி.பி: 272 கிராம், 13 சென்டிமீட்டர் நீளம், 21 மில்லிமீட்டர் தடிமன். பாக்கெட்ல அடங்கும். ஆனா, சின்னப் பிடியில விரல்கள் முழுசா உட்காராது.
* ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர்: சுமார் 415 கிராம், 16 சென்டிமீட்டர். தோட்டா அஞ்சுதான். உருளுற சிலிண்டர் பகுதி மட்டும் 33 மில்லிமீட்டர் தடிமன்.
* சிக் சாவர் பி365: சுமார் 505 கிராம், 14.7 சென்டிமீட்டர், 25 மில்லிமீட்டர். 2018-ல வந்த இது, இந்தச் சின்ன உடம்புக்குள்ளேயே 10 தோட்டாக்களை அடக்கினதாலதான் பேசப்பட்டுச்சு.

இருக்கிறதுலேயே மெலிசானதுகூட உங்க போனைவிட ரெண்டரை மடங்கு தடிமன்! இன்னொரு விஷயம், கம்பெனிகள் சொல்றது பெரும்பாலும் தோட்டா போடாத எடை. ஒரு .32 தோட்டா ஏறக்குறைய 10 கிராம். ஆறு போட்டா 60 கிராம் கூடும்.

லேசா இருந்தா நல்லதுதானே?

தூக்கிட்டுப் போக நல்லது. சுட நல்லதில்லை. தோட்டா முன்னால பாயும்போது துப்பாக்கி பின்னால உதைக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச நியூட்டனோட மூணாவது விதிதான். துப்பாக்கி கனமா இருந்தா அந்த உதையைத் தானே வாங்கிக்கும். லேசா இருந்தா உங்க மணிக்கட்டுதான் வாங்கும். அதே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியில சுடுறதைவிட 500 கிராம் துப்பாக்கியில சுட்டா, பின்னுதைப்பு ஆற்றல் 40 சதவீதம் கூடும். குழல் குட்டையா இருந்தா குறி பார்க்கிறதும் கஷ்டம். ஆக, சின்னத் துப்பாக்கியைச் சமாளிக்கத்தான் கூடுதல் பயிற்சி வேணும். ‘புதுசா வாங்குறவங்களுக்குச் சின்னது போதும்’ங்கிறது தலைகீழான அட்வைஸ்.

லைசென்ஸ் இல்லாம தொடவே கூடாது

எந்த ரூம்ல எத்தனை பேர் வேலை பார்க்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம்னு லைசென்ஸ்ல எழுதியிருக்கிறதை வெச்சே தொழில் பண்ற ஊர் நம்மளோடது. துப்பாக்கிக்கும் அதே கறார்தான். 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயசு நிறைஞ்சிருக்கணும். விண்ணப்பம் மாவட்ட கலெக்டருக்குப் போகும், போலீஸ் விசாரிச்சு ரிப்போர்ட் கொடுப்பாங்க. பாதுகாப்பாக் கையாளுற பயிற்சியும் எடுத்திருக்கணும். 9 எம்.எம். மாதிரியான ரகங்கள் சாதாரண மக்களுக்குக் கிடையாது. லைசென்ஸ் இல்லாம சாதாரண ரகத் துப்பாக்கி வெச்சிருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருஷம் வரை ஜெயில்.

லைசென்ஸ் இருந்தாலும் இடுப்புல தெரியுற மாதிரி செருகிக்கிட்டு கெத்து காட்ட முடியாது. 2016 ஆயுத விதிகள்படி, பொது இடத்துல கைத்துப்பாக்கியை அதுக்கான உறையிலயோ பையிலயோ முழுசா மூடித்தான் எடுத்துட்டுப் போகணும். எப்பவும் உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும்.

அப்போ பாதுகாப்பு?

நிர்பீக் வந்தப்போ விலை 1,22,360 ரூபாய். விடியற்காலையில பஸ் ஏறி பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் போற ஒரு அக்காவுக்கு தினம் 500 ரூபாய் சம்பளம்னு வெச்சுக்கிட்டாலும், ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாம 245 நாள் சேர்த்தாதான் வாங்க முடியும். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவங்க கைக்கு எட்டாத பொருள்.

வாங்கிட்டாங்கன்னே வைங்க. டிபன் பாக்ஸுக்கும் தண்ணி பாட்டிலுக்கும் அடியில கிடக்கிற துப்பாக்கியை, ஒருத்தன் கையைப் பிடிச்ச பிறகு வெளியே எடுக்க முடியுமா? இழுபறியில அது அவன் கைக்குப் போகாதுங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்? எடைப் பட்டியல்ல இதுக்குப் பதில் இல்லை.

வீட்டுல குழந்தைங்க இருந்தா இன்னொரு ஆபத்தும் இருக்கு. கேப் துப்பாக்கியோட வளர்ற பிள்ளைக்கு, 250 கிராம் நிஜத் துப்பாக்கியும் இன்னொரு பொம்மைதான். லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்க தோட்டாவைத் தனியா, துப்பாக்கியைத் தனியா பூட்டி வைக்கிறதுல ஒரு நாள்கூட அசட்டையா இருக்கக் கூடாது.

ரீல்ஸ் பார்த்து ஆசைப்படுறதுக்கு முன்னாடி, அதே போன்ல இதையெல்லாம் முடிச்சிடுங்க. அவசர உதவி எண் 112, பெண்கள் உதவி எண் 181 ரெண்டையும் ஸ்பீடு டயல்ல போடுங்க. தமிழ்நாடு காவல்துறையோட ‘காவல் உதவி’ செயலியை டவுன்லோடு பண்ணுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போது வீட்டுல ஒருத்தருக்கு லைவ் லொகேஷன் அனுப்புங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அவங்க போன்ல இன்னைக்கே செஞ்சு கொடுத்துடுங்க.