தலைக்கவசத்தின் மேல் ஒரு கண்

மலை உச்சியில் நின்றவன் கண்ட காட்சியை அடிவாரத்தில் நிற்பவன் காண்பதில்லை. அக்குறையைத் தீர்க்க வந்ததே தலைக்கவசத்தில் பொருத்தும் சிறு கமரா. எல்லவில் தேயிலைச் சரிவின் மேலாகக் கம்பியில் தொங்கிப் பாய்வோரும், அப்புத்தளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோரும் விரும்பும் கருவி இது.

இவ்வகைக் கமரா ஒன்று பிறந்த கதை சுவையானது. அமெரிக்கரான நிக் வூட்மன் கடலலையில் சறுக்கி விளையாடுபவர். அலைமீது நிற்பவனுக்கு இரு கைகளும் வேண்டும். கமராவைப் பிடிக்கக் கை ஏது? ஆகவே அதனை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வழி தேடினார். 2004ஆம் ஆண்டில் ‘கோப்ரோ’ என்னும் அவரது முதற் கமரா, 35 மில்லிமீற்றர் படச்சுருளுடன் விற்பனைக்கு வந்தது. கையையும் கருத்தையும் விளையாட்டுக்கே விட்டுவைப்பதுதான் இக்கருவியின் பயன். வாங்கும்போதும் அணியும்போதும் இதனை மறத்தலாகாது.

வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது எடை. 150 கிராம் அளவினது போதும்; அதனினும் மிகுந்தால் கழுத்து நோகும். அடுத்து, குலுக்கத்தைச் சமன்செய்யும் வசதியும், நீர் புகாத உடலும், மாற்றக்கூடிய மின்கலமும் வேண்டும். குடும்பத்தார் கண்டு மகிழ, நொடிக்கு 60 படங்கள் பதியும் சாதாரணத் தெளிவே போதுமானது. விலை மிகுந்ததே சிறந்ததென்று எண்ணற்க.

பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. தலைக்கவசத்தில் ஒருபோதும் துளையிடலாகாது; அதன் வலிமை குன்றிவிடும். ஒட்டும் தாங்கியாயின் கவசத்தைத் துடைத்து உலர்த்தி, முதல் நாளே ஒட்டிவிடல் நன்று. உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கமரா மரக்கிளையில் மாட்டும். விழும்போது எங்கேனும் சிக்கித் தலையைத் திருப்பவுங்கூடும். பலமாக மோதினால் கழன்றுவிடும் தாங்கியே நல்லது. 2013 டிசம்பரில், காரோட்டப் பந்தய வீரர் மைக்கேல் சூமாக்கர் பனிச்சறுக்கில் விழுந்து தலையிற் படுகாயமுற்றபோது, அவரது கவசத்திலும் கமரா இருந்தது. இவ்வகைக் கமரா ஆபத்தைக் கூட்டுமோ என்ற கேள்வி அன்று உலகெங்கும் எழுந்தது.

நமுனுகுல மலை ஏறிவந்த நம் மாணவர் ஒருவர், தாம் எடுத்த படத்தை ஆவலுடன் காட்டினார். பாதி முழுவதும் அவருடைய சப்பாத்துகள், மீதி வெண்பனி! ஏறும்போது தலை குனியும் என்பதை அவர் நினைக்கவில்லை. கமராவைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, புறப்படுமுன் பத்து நொடி எடுத்துப் பார்த்திருந்தால் இக்குறை நேர்ந்திராது. ஊவாவின் பனிமூட்டத்தில் வில்லையைத் துடைக்க மென்துணியும், குளிரில் விரைவாகத் தளரும் மின்கலத்திற்கு மாற்றும் உடன் இருக்கட்டும்.

இன்னுமொன்று. அகன்ற வில்லையில் செங்குத்துச் சரிவும் சாதாரண மேடாகவே தோன்றும். படம் சோபிக்கவில்லையே என்று பாறை விளிம்பை நெருங்குவதும், ஓடும் புகையிரதத்தின் வாசலில் தலையை நீட்டுவதும் பேதைமை. அப்படி நீட்டி உயிரிழந்தோர் மலையகப் பாதையில் உண்டு.

இறுதியாக, தலையிலுள்ள கமரா நாம் திரும்பிய திசையெல்லாம் பதிகிறது. கொழுந்துக் கூடையுடன் நிமிரும் தாயும், லயன் முற்றத்தில் குளிக்கும் சிறுவனும் தாம் படமாவதை அறியார். கையிற் கமரா பிடித்தவனைக் கண்டால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இங்கே அதற்கும் வழியில்லை. ஆகவே தோட்டத்துள் நுழையும்போது கமராவை நிறுத்திவிடுவோம். வேண்டுமாயின் கேட்டு, இசைவு பெற்று எடுப்போம். அவர்கள் நம் விளையாட்டின் பின்னணித் திரையல்லர். அந்த மலையில் உழைத்து வாழ்பவர்கள்.