அட்டவணையைக் கோப்பில் எழுதும் முறை

நிரைகளும் நிரல்களுமாக அமைந்த அட்டவணை, கணினியின் நினைவகத்திலே இருக்கும்பொழுது வெறும் எழுத்துக்களின் கூட்டமாக இருப்பதில்லை. இந்நிரல் முழுவெண்களைக் கொண்டது, அந்நிரல் திகதிகளைக் கொண்டது, இக்கட்டம் வெறுமையானது என்னும் அறிவும் அதனோடு உடனிருக்கும். அவ்வட்டவணையைக் காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட கோப்பாக, அஃதாவது சீ.எஸ்.வி. எனப்படும் வடிவில், எழுதியவுடன் அவ்வறிவு நீங்கி எழுத்துக்கள் மாத்திரமே எஞ்சுகின்றன. பின்னர் அக்கோப்பைத் திறக்கும் செய்நிரல், எழுத்துக்களின் தோற்றத்தைக் கொண்டே அவற்றின் இயல்பை ஊகித்தறிய வேண்டியதாகின்றது. அவ்வூகம் எவ்விடத்துப் பிழைக்கும் என்பதை முன்னரே உணர்ந்து எழுதுவோனே செம்மையாக எழுதுவோனாவான். இதனைப் பைதன் மொழியிற் செய்நிரல் எழுதுவோர் பெரிதும் கையாளும் பாண்டாஸ் என்னும் நூலகத்தை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

கணினித் துறையில் நூலகம் என்பது பிறர் எடுத்தாளுதற்கென எழுதிவைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுதி. பாண்டாஸை வெஸ் மக்கின்னி என்பார் 2008ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கினார். பெயரைக் கேட்டோர் சீன நாட்டுக் கரடியை நினைப்பர். உண்மையில் அது பொருளியற் புள்ளிவிபரத்தில் வழங்கும் 'பனல் டேற்றா' என்னுந் தொடரிலிருந்து பிறந்தது.

அட்டவணையைக் கோப்பில் இடுதற்கு இதிலுள்ள கட்டளை 'டு சீ.எஸ்.வி.' என்பதாம். கோப்பின் பெயரொன்றையே கொடுத்து இதனை ஏவினால், நிரைகளுக்குப் பாண்டாஸ் தானே இட்டுக்கொண்ட 0, 1, 2 என்னும் தொடரெண்களும் பெயரில்லா முதல் நிரலாக எழுதப்படும். அக்கோப்பை மீள வாசிக்கும்போது அந்நிரல் 'அன்னேம்ட்: 0' என்னும் பெயரோடு தரவுகளுள் ஒன்றாகப் புகுந்துவிடும். மும்முறை எழுதி மும்முறை வாசித்தால் இத்தகைய வேண்டா நிரல்கள் மூன்றாகும். 'இன்டெக்ஸ்' என்பதற்கு 'ஃபோல்ஸ்' என விடை கொடுத்தால் இவ்விடர் நீங்கும். வேண்டுவோர் கேட்டுப் பெறத்தக்கதை வேண்டாதோர்க்கும் வலிந்து கொடுப்பது இந்நூலகத்தின் குறையென்றே யாம் கருதுகின்றோம். எனினும், நிரையின் அடையாளம் திகதியாகவோ மாணவரின் சுட்டெண்ணாகவோ அமையுமாயின் அதனை நீக்குதல் தரவையே நீக்குதலாகும்; ஆண்டு அதற்கொரு பெயரிட்டு எழுதுதல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது எண்போலத் தோன்றும் எழுத்தாலாகும் இடர். யாழ்ப்பாணத்துத் தொலைபேசி எண்கள் 021 எனத் தொடங்குவன. நினைவகத்தில் அவை எழுத்தாக வைக்கப்பட்டிருப்பின் கோப்பிலும் 021 என்றே எழுதப்படும். ஆனால், வாசிக்கும்போது எண்ணெனக் கருதப்பட்டு முன்னின்ற பூச்சியம் மறைந்துபோம். மேற்கோட் குறிகளுக்குள் அடைத்து எழுதினாற் காக்கலாமெனச் சிலர் எண்ணுவர். அது பயன்தராது, குறிகளைக் களைந்த பின்னரே பாண்டாஸ் ஊகிக்கின்றது. அந்நிரல் எழுத்தாலானது என்று வாசிப்போன் 'டீடைப்' என்பதன் வாயிலாக வெளிப்படக் கூறுதலே வழியாம். ஆதலின் கோப்பைப் பிறர்க்குக் கொடுப்போன் ஒவ்வொரு நிரலின் இயல்பையும் குறித்த சிறு குறிப்பொன்றை உடன்கொடுத்தல் கடன்.

நமீபியா நாட்டின் நிலை இன்னும் வியப்பானது. அந்நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு ஆங்கிலத்தில் 'என்', 'ஏ' என்பன. தரவு இல்லை என்பதற்கும் அவ்விரண்டெழுத்துக்களே குறியாதலின், உலக நாடுகளின் பட்டியலைப் பாண்டாஸ் வாசிக்கும்போது நமீபியா மாத்திரம் வெற்றிடமாகிவிடும்! எக்செல் என்னும் விரிதாள் செயலியும் இவ்வாறே 'மார்ச்1', 'செப்ட்2' முதலிய மரபணுக் குறியீடுகளைத் திகதிகளாக மாற்றிவந்தது. செயலி தன் வழக்கத்தை விடாமையால், மனித மரபணுப் பெயரிடற் குழுவினர் அக்குறியீடுகளையே மாற்றியமைத்து, 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அறிவித்தனர்.

தமிழில் எழுதுவோர்க்கு வேறோர் இடருண்டு. பாண்டாஸ் இயல்பாக யூ.டி.எஃப்.-8 என்னும் குறிமுறையிலே எழுதும். அதில் 'க' என்னும் ஓரெழுத்து மூன்று பைட்டுக்களாகும். கோப்பின் தலைப்பில் அடையாளக் குறி இல்லாதவிடத்து எக்செல் வேறொரு குறிமுறையெனக் கொண்டு, தமிழ்ப் பெயர்களைப் பொருளற்ற குறிகளாகக் காட்டுதல் பலரும் அறிந்ததே. 'என்கோடிங்' என்பதற்கு 'யூ.டி.எஃப்.-8-சிக்' என்று கொடுத்தால் அவ்வடையாளம் தலைப்பில் எழுதப்பட்டுப் பெயர்கள் செவ்வனே தோன்றும்.

இவையெல்லாம் சிறு தொல்லைகளே எனக் கொள்வார்க்கு இங்கிலாந்தில் நிகழ்ந்ததைக் கூறுதும். 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா நோய்த்தொற்று உறுதிசெய்யப்பட்டோருள் 15,841 பேர் அந்நாட்டின் நாளாந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. ஆய்வுகூடங்கள் அனுப்பிய சீ.எஸ்.வி. கோப்புக்கள் எக்செலின் பழைய வடிவக் கோப்பில் ஏற்றப்பட்டமையும், அவ்வடிவம் 65,536 நிரைகளுக்குமேற் கொள்ளாமையும் காரணமெனச் செய்திகள் கூறின. நோயாளர்க்கு முடிவு தெரிவிக்கப்பட்டதாயினும், அவரோடு பழகியோரைத் தேடும் பணி பல நாட் பிந்தியது.

எழுதிய கோப்பை உடனே மீள வாசித்து, நிரைகளின் தொகையும் நிரல்களின் இயல்பும் முதலட்டவணையோடு ஒக்கின்றனவா என ஒப்புநோக்கினால் இப்பிழைகளுட் பெரும்பாலானவை அகப்படும். அன்றியும், பழைய கோப்பின்மேல் நேரே எழுதும்போது மின்சாரம் தடைப்படின் பழையதும் கெட்டுப் புதியதும் குறையாகும். ஆதலின், தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி, ஒப்புநோக்கிய பின்னர், 'ஓ.எஸ். ரீப்ளேஸ்' என்னுங் கட்டளையாற் பழையதன் இடத்தில் வைத்தல் தக்கது. கோப்பை வாசிப்பது மனிதரன்றி மற்றொரு செய்நிரலேயாயின், நிரல்களின் இயல்பையும் உடன்காக்கும் பார்க்கே என்னும் வடிவத்திலே எழுதலாம். அதனைச் சாதாரணப் பதிப்பிகளில் திறந்து கண்ணாற் படித்தல் இயலாது.