வேரும் கனியும்

காட்டிலுள்ள நெல்லி மரத்தினின்று ஒருவன் கூடை நிறையக் காய்களைப் பறித்து வருகின்றான். கிளையை ஒடிக்காமல் பறித்தானாயின் மரத்திற்கு யாதொரு கேடும் இல்லை. அடுத்த ஆண்டும் அது காய்க்கும். அதே காட்டில் மற்றொருவன் நிலத்தைத் தோண்டிச் சர்ப்பகந்தியின் வேரை எடுத்து வருகின்றான். அவன் எடுத்தது வேர் மட்டுமன்று. அச்செடி முழுவதையுமே எடுத்துவிட்டான். காட்டு மூலிகைகளைப் பற்றி எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டிய வேறுபாடு இதுவே.

சர்ப்பகந்தி ஏறக்குறைய முழங்கால் அளவே வளரும் சிறு செடி. இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பெருமரங்களின் நிழலில், ஈரமுள்ள மண்ணில் அது வளர்கின்றது. கணுதோறும் மூன்று அல்லது நான்கு இலைகள் வட்டமாய் அமைந்திருக்கும். பூக்கள் வெண்மையானவை, அவற்றின் காம்புகளோ சிவந்தவை. சிறு கனிகள் பழுத்ததும் கருமையோடிய ஊதா நிறம் பெறும். கண்ணைக் கவரும் இவற்றை விடுத்து, மண்ணுள் மறைந்து கிடக்கும் வேரையே நம் முன்னோர் மருந்தாகத் தேர்ந்தனர். பாம்புக் கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தக் கலக்கத்திற்கும் அதனை வழங்கினர். பாம்பின் நஞ்சை அது முறிக்கும் என்பதற்குச் சான்றில்லை. எனினும் மற்றவற்றில் அவர்கள் கண்டது வீண்போகவில்லை.

1931-ஆம் ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் வேதியியல் அறிஞர் அவ்வேரினின்று சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை எடுத்துரைத்தனர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் கண்ட பயனை இங்கிலாந்து நாட்டு மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்கள் ரெசர்பின் என்னும் சத்தைத் தனியே பிரித்தனர். அதன்பின் உலகெங்கும் இவ்வேருக்குத் தேவை பெருகிற்று.

நாட்டு வைத்தியருக்குக் கைப்பிடி வேர் போதும். மருந்துத் தொழிற்சாலைக்கோ வண்டி வண்டியாக வேண்டும். வேர் நன்கு பருக்க இரண்டு மூன்று ஆண்டுகளாகும். அதுவரை பொறாமல், இளஞ்செடிகளையும் தோண்டினர். கனி பழுக்குமுன் செடியை எடுத்தால் விதை ஏது? விதைத்த விதைகளிலும் பல முளைப்பதில்லை. செடி அருகியது, 1990-இல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

தோட்டத்தில் பயிரிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வேர்த்துண்டையோ தண்டையோ நட்டாலும் அது வளரும். ஆனால் பயிரிடுவோன் ஆண்டுக்கணக்கில் நீர் பாய்ச்சிக் களையெடுத்துக் காத்திருத்தல் வேண்டும். காட்டு வேருக்கு அச்செலவில்லை. ஆகவே அது மலிவாக விற்கும். மலிவானது கிடைக்குமளவும் வணிகர் தோட்டத்தை நாடுவது அரிது.

தோண்டுவோரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. இன்று ஒருவர் விட்டுவைத்த செடியை நாளை வேறொருவர் தோண்டிவிடுவாராயின், காத்திருப்பவர் ஏமாளியாவார். இந்நிலையை மாற்ற ஒரு வழியை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் திறந்தது. காட்டில் வழிவழியாக வாழ்வோர் காட்டுச் சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்கவும், தம் ஊர்க் காட்டைத் தாமே காக்கவும் அச்சட்டம் உரிமை வழங்கியுள்ளது. தமக்குரிய காடு என்னும் உறுதி பெற்ற ஊரார் குளிர்காலம் வரை பொறுக்கலாம். இலை உதிரும் அப்பருவத்தில்தான் வேரில் சத்து மிகுந்திருக்கும். கனிகளும் அதற்குள் பழுத்து முடிந்திருக்கும். சில செடிகளைத் தொடாமல் விட்டு, ஏனையவற்றைத் தோண்டிய குழிகளிலேயே அவ்விதைகளை ஊன்றி மண் மூடினால், மூன்றாம் ஆண்டில் அதே இடத்திற்கு மண்வெட்டியுடன் திரும்பி வரலாம்.