உங்களுக்குத் தெரியுமா? நான்கு பாடல்களில் போட்ட அடித்தளம்

வேல்ஸின் பிரிட்ஜெண்ட் நகரில் 2001இல் உருவான 'ஃப்யூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்' இசைக்குழுவின் முதல் வெளியீடு முழு ஆல்பம் அல்ல. 2002இல் 'மைட்டி ஆட்டம்' என்ற சிறு நிறுவனம் கொண்டுவந்த, நான்கே பாடல்கள் கொண்ட 'பிட்வீன் ஆர்டர் அண்ட் மாடல்' என்ற குறுந்தட்டுதான் அது. சுயாதீனக் குழுக்களின் இத்தகைய தட்டுகளை வெறும் ஒத்திகை என்று ஒதுக்குவது தவறு. ஹார்ட்கோர் ராக்கின் அலறலையும் எமோ ராக்கின் மெல்லிசையையும் ஒரே பாட்டில் இணைத்த இக்குழுவின் அடையாளம் இந்தக் குறுந்தட்டிலேயே உருவாகிவிட்டது. அதிலிருந்த 'ஜூனோ', 'ரெட் இஸ் த நியூ பிளாக்' ஆகிய இரண்டும் மறுபதிவு செய்யப்பட்டு, 2003 அக்டோபரில் வந்த முதல் முழு ஆல்பத்தில் இடம்பெற்றன. தனிப்பாடலாகவும் வெளியான 'ஜூனோ', பிரிட்டிஷ் தரவரிசையில் 19ஆம் இடத்தைப் பிடித்தது.

முழு ஆல்பத்தை வெளியிட்ட பெரிய நிறுவனத்தின் விளம்பரமே அந்த வெற்றியைத் தந்தது என்று சிலர் வாதிடலாம். விளம்பரம் கேட்பவர்களைப் பெருக்கியது உண்மை. ஆனால் அவர்கள் கேட்டது புதிதாகத் தயாரித்த சரக்கை அல்ல, சிறு தட்டில் ஏற்கெனவே முழுமை பெற்றிருந்த பாடலைத்தான். ஆகவே, ஒரு குழுவை அறிய விரும்புவோர் அதன் முதல் சிறு வெளியீட்டிலிருந்தே கேட்கத் தொடங்கட்டும்.