அரை சென்ட் போனால் பேசலாம், வியாபாரம் போனால்?

நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப்போவதைச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்த ஊர்களிலிருந்து எழுதும் வாசகர்களில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "என் கடைக்கு எதிரே மீடியன் கேப்பை (சாலை நடுத்தடுப்பில் திரும்ப விட்ட இடைவெளியை) அடைக்கப் போகிறார்கள். 21 நாளுக்குள் மனு கொடுத்தால் நஷ்டஈடு கிடைக்குமா?" கெடு நெருங்குவதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் போகாவிட்டால் அந்த 21 நாள் உங்களுக்கானதல்ல. நிலம் போகிறவருக்கும் அது ஆட்சேபத்துக்கு மட்டும்தான். இழப்பீட்டுக்கான கோரிக்கை வேறு கட்டம், வேறு அறிவிப்பு.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த படி. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஜி(7) என்றொரு உட்பிரிவு. நிலத்தின் சந்தை மதிப்போடு, நிலம் துண்டாவதால் வரும் சேதம், உரிமையாளரின் மற்ற சொத்துக்கோ வருமானத்துக்கோ நேரும் பாதிப்பு, கடையை இடம் மாற்றும் செலவு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. 2013 நில எடுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. படிக்கத் தாராளம்தான். ஆனால் உள்ளே நுழைய ஒரு டிக்கெட் வேண்டும்: உங்கள் நிலத்தில் துளியாவது எடுத்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டீக்கடைகள் என்று வையுங்கள். ஒருவருக்கு முன்வாசலில் அரை சென்ட் போகிறது. அவர் வருமான இழப்பையும் மனுவில் எழுதலாம். கிடைப்பது வேறு கதை. அடுத்தவருக்கு ஒரு சாண்கூடப் போகவில்லை, எதிர்ச்சாரி லாரிகள் மட்டும் வராமல் நின்றுவிட்டன. சட்டத்தின் கணக்கில் இவர் எதையும் இழக்கவில்லை. கடை முன்னால் ஓடும் வண்டிகள் யாருக்கும் பட்டா போட்ட சொத்தல்லவே.

இன்னொரு 28ஆம் பிரிவும் உண்டு. 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வருவது. அனுமதியில்லாமல் வண்டியிலோ, ஐந்து பேருக்குக் குறையாத கூட்டமாக நடந்தோ நெடுஞ்சாலையை அணுக எவருக்கும் உரிமையில்லை என்கிறது. பாடை தூக்க நாலு பேர். சங்கு ஊதுகிறவர் ஐந்தாவது ஆள்!

அதிகாரிகள் இதையெல்லாம் 'அணுகல் மேலாண்மை' என்பார்கள். யார் எங்கே திரும்பலாம் என்பதை ரோடு போடுகிறவர் முடிவு செய்வது என்று நாம் புரிந்துகொள்ளலாம். விபத்து குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. குறுக்கே திரும்பும் இடமே இல்லாவிட்டால் மோதலும் குறையும். கூடவே சொல்லும் 'வியாபாரம் பாதிக்காது' என்பதில்தான் சந்தேகம். அமெரிக்காவின் டெக்சாஸில் 1990களின் இறுதியில் கேள்வித்தாள் கொடுத்து நடந்த ஆய்வில், கடைக்காரர்கள் பயந்த அளவுக்கு விற்பனை சரியவில்லை, வேலை நடந்த காலமே மோசம் என்று தெரியவந்தது. சரி. ஆனால் மூடிப்போன கடையில் கேள்வித்தாளை வாங்க ஆள் இருக்காது. தவிர, பத்திரிகை வைத்த கல்யாணத்துக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் யூ டர்ன் போட்டாவது வந்து சேருவார்கள். ஒரு டீக்காக எந்த லாரிக்காரரும் அப்படி வரமாட்டார்; அவர் போகிற பக்கத்திலேயே வேறொரு கடை இருக்கும். வியாபாரம் அழிவதில்லை, சாரி மாறுகிறது. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கிறவருக்குப் பாதிப்பு பூஜ்யம்.

மற்றக் கேள்விகள்:

21 நாள் எப்போதிலிருந்து? அரசிதழில் 3ஏ அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து. நீங்கள் பார்த்த தேதியிலிருந்து அல்ல.

வாடகைக்கு இருப்பவர்? ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் பேச இடமுண்டு, வாய்ப்பேச்சு மட்டும் என்றால் நிரூபிப்பது கஷ்டம்.

தொகை போதாதென்றால்? நடுவரிடம் போகலாம், அவரை நியமிப்பதும் மத்திய அரசுதான்.

மாநில நெடுஞ்சாலை? அதற்கு 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். மேலே சொன்ன கெடுவை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மீடியன் கேப்பைத் திறக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஊர்ப் பெயரில், தடுப்புச்சுவர் எழும்புவதற்கு முன்.