பஸராவிலிருந்து புவெப்லா வரை

மெக்ஸிகோ என்றதும் நம்மில் பலருக்கு மிளகாயும் மக்காச்சோளமுமே நினைவுக்கு வரும். அந்நாட்டின் கலை நகர் ஒன்றில் அரபு மொழியின் சாயல் இன்றும் படிந்திருக்கிறது என்றால் வியப்பீர்கள். அந்நகர்தான் புவெப்லா. தலைநகருக்குத் தென்கிழக்கே, கடல் மட்டத்திற்கு 2100 மீட்டருக்கும் மேலே, எரிமலைகளை நோக்கிய சமவெளியில் ஸ்பானியர் அதனை 1531-ஆம் ஆண்டு நிறுவினர். அதன் பழைய நகர்ப்பகுதியை 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அங்கே கண்ணைக் கவர்பவை சுவர்களே. செங்கல்லுக்கு இடையிடையே நீலமும் வெள்ளையும் மஞ்சளுமாக ஓடுகள் பளபளக்கின்றன. வீட்டு முகப்பிலும் மாதா கோயில் குவிமாடத்திலும் அவையே. சாந்தா ரோசா என்னும் பழைய கன்னியர் மடத்தின் சமையலறையில் சுவர் மட்டுமன்று, வளைவுக் கூரையும் ஓடுகளால் ஆனது.

சொல் கூறும் வரலாறு

இவ்வோட்டை ஸ்பானியர் ‘அஸுலேஹோ’ என்பர். அது ‘அஸ்ஸுலைஜ்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. குயவரை ‘அல்ஃபரேரோ’ என்பர். சுட்ட மண்ணைக் குறிக்கும் ‘ஃபக்கார்’ என்னும் அரபுச் சொல் அதன் வேர். மனிதப் படைப்பைக் கூறுமிடத்தில் சூரா அர்ரஹ்மானில் இச்சொல் வருவதை, ஓதிவரும் நீங்கள் அறிவீர்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாஸியர் ஆட்சியில், சீனத்து வெண்பீங்கானைக் கண்ட ஈராக்கியக் குயவர்கள் அதுபோன்று செய்ய விழைந்தனர். அந்த வெண்களிமண் அவர்களிடம் இல்லை. ஆகவே சாதாரண மண்பாண்டத்தின் மீது வெள்ளீயம் கலந்த வெண்பூச்சைப் பூசி, அதன்மேல் கோபால்ட் நீலத்தால் எழுதினர். பஸராவில் சிறந்த அக்கலை எகிப்து, வட ஆப்பிரிக்கா வழியே அந்தலூஸை அடைந்தது. ஸ்பெயினின் தலவேரா நகரத்தாரும் அதனைக் கற்றனர். அவ்வூரின் பெயரே ‘தலவேரா’ என்று புவெப்லாவின் பாண்டங்களுக்கு நிலைத்தது.

1492-இல் கிரனாடா வீழ்ந்தது. பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தோரையும் 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் நாடு கடத்திற்று. மக்கள் விரட்டப்பட்டனர், அவர்களின் கைத்திறன் மட்டும் கடல் கடந்து வாழ்ந்தது.

தரமும் தடையும்

புவெப்லாவின் குயவர் சங்கம் 1653-இல் சட்டதிட்டங்கள் வகுத்தது. பாண்டங்கள் தரம் பிரிக்கப்பட்டன. உயர்ந்த தரத்துக்கு நீலம் விதிக்கப்பட்டது. போலியைத் தடுக்க ஒவ்வோர் ஆசானும் தம் முத்திரையைப் பதிக்க வேண்டும். இவை போற்றத்தக்கவை. ஆனால் கறுப்பின மக்கள் ஆசானாகத் தேர்வெழுதக் கூடாதென்றும் அதே சட்டம் விதித்தது. பல இனத்தார் கைமாறிக் கொடுத்த கலைக்கு இப்படியும் ஒரு கதவடைப்பு!

இன்றும் தலவேரா பழைய முறையிலேயே உருவாகிறது. கருமண்ணும் வெண்மண்ணும் கலந்து, கழுவி, புளிக்கவைத்து, சக்கரத்தில் வனைந்து சுடுகின்றனர். பின் வெண்பூச்சில் தோய்த்து, கையால் எழுதி மீண்டும் சுடுகின்றனர். பூச்சு வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் தவறாக இழுத்த கோட்டை எளிதில் அழிக்க இயலாது. மலிவான போலிகள் பெருகியதால், குறித்த பகுதியில், விதிப்படி செய்து சான்று பெற்றவற்றுக்கே அப்பெயர் உரியது என மெக்ஸிகோ சட்டம் காக்கிறது. 2019-இல் மெக்ஸிகோ, ஸ்பெயின் இரண்டின் கலையையும் யுனெஸ்கோ ஒருங்கே பட்டியலில் சேர்த்தது.

செல்வோர் கவனத்திற்கு

புவெப்லா செல்லும் வாய்ப்புக் கிட்டினால், பாண்டத்தின் அடியில் பட்டறை முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். உணவில் எச்சரிக்கை தேவை. ‘தாக்கோ அராபே’, அதாவது அரபுத் தாக்கோ, அங்கே பெயர் பெற்றது. மத்தியக் கிழக்கிலிருந்து குடியேறியோர் வழி வந்ததாயினும், அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சியே இடுவர். பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

செல்ல இயலாதோர் பிள்ளைகளுடன் உலகப் படத்தை விரித்து, சீனா, பஸரா, அந்தலூஸ், புவெப்லா என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். மணிலாவிலிருந்து வந்த ஸ்பானியக் கப்பல்கள் சீனப் பீங்கானை மெக்ஸிகோவில் இறக்கின. புவெப்லாவின் குயவர்கள் அதைப் பார்த்தும் எழுதினர். பஸராவின் குயவர் தொடங்கிய முயற்சி உலகை வலம் வந்து மீண்டும் சீனத்து நீலத்தைச் சந்தித்தது. கற்பதற்கு வெட்கப்படாதவரிடமே கலை தங்குகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.